நிரப்பாமல் விட்ட ஒப்பந்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான்கு ஆண்டுகளாக ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில், வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தப் பணியாளனாக இருக்கிறேன். போன மாதம் எங்கள் பிரிவின் மூத்த பொறியாளர் ஒருவருக்குத் தெற்கே கியூஷூ தீவுக்கு மாற்றல் வந்தது. அவர் வீடு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை; மகள் பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள். இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும் என்றார்கள். தலை வணங்கி ஏற்றுக்கொண்டார். குடும்பம் இங்கே, அவர் மட்டும் அங்கே. மறுத்திருக்கலாமே என்று கேட்டதற்கு, 'ஷிகதா கா நை', வேறு வழியில்லை, என்றார். அதே பிரிவில் பல வருடங்களாக வேலை எதுவும் கொடுக்கப்படாத ஒருவர் முழுச் சம்பளத்துடன் இருக்கிறார். அவரை அனுப்புவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரே நிறுவனம் இவ்வளவு இரக்கமாகவும் இவ்வளவு கடுமையாகவும் எப்படி இருக்க முடிகிறது? இது இவர்களுடைய பண்பாடா? என்னையும் நிரந்தரமாக்குவதாகச் சொல்கிறார்கள். மனைவியும் ஐச்சியின் தலைநகரான நகோயாவில் வேலைக்குப் போகிறாள். ஏற்பதா என்று குழப்பமாக இருக்கிறது. அங்கே பணியாற்றியவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

பண்பாடு என்ற சொல்லைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு இதை யோசிக்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் மூத்த பொறியாளருக்கு வந்த மாற்றலும், வேலை கொடுக்கப்படாத அந்த மனிதருக்கு மாதம் தவறாமல் வரும் சம்பளமும் ஒரே ஒப்பந்தத்திலிருந்து வருபவை. ஜப்பானில் 'சேய்ஷாயின்' எனப்படும் நிரந்தர ஊழியர், கல்லூரி முடித்த கையோடு ஏப்ரல் முதல் தேதி நிறுவனத்தில் சேரும்போது, கணக்குப் பிரிவிலா விற்பனையிலா, சப்போரோவிலா ஃபுகுஓகாவிலா என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியாது. அவர் ஒரு வேலையில் சேர்வதில்லை, ஒரு நிறுவனத்தில் உறுப்பினராகிறார். என்ன வேலை, எந்த ஊர், எத்தனை மணிவரை என்ற மூன்று இடங்களும் ஒப்பந்தத்தில் நிரப்பப்படாமல் விடப்படுகின்றன. நிறுவனம் அவற்றைத் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்கிறது. அதற்கு விலையாக, ஓய்வு வயது வரை அவரை வெளியே அனுப்புவதில்லை என்று ஏற்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு எழுத்துவடிவம் கொடுத்தவை ஜப்பானிய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள். நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் மூன்று வழக்குகளைச் சொல்கிறேன். கோச்சி நகரத்து வானொலி நிலையம் ஒன்றில் 1967ஆம் ஆண்டு, இரவுப் பணியிலிருந்த ஓர் அறிவிப்பாளர் தூங்கிப்போனதால் காலை ஆறு மணிச் செய்தி ஒலிபரப்பாகவில்லை. இரண்டு வாரத்திற்குள் மீண்டும் தூங்கிப்போனார். செய்தியின் பாதி நேரம் வீணானது. நிலையம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1977இல், அந்த நீக்கம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேண்டுமென்று செய்த தவறில்லை, அவரை எழுப்ப வேண்டிய சக ஊழியரும் தூங்கிவிட்டார், அந்தச் சக ஊழியருக்கு வெறும் கண்டிப்பு மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கிறது, ஆகவே ஒருவரின் பிழைப்பையே பறிப்பது மிகக் கடுமையானது என்பது நீதிமன்றத்தின் பார்வை.

இரண்டாவது, ஒரு பெயின்ட் நிறுவனத்தின் விற்பனை ஊழியருடையது. கோபேயில் இருந்த அவரை நகோயாவுக்குப் போகச் சொன்னார்கள். வீட்டில் எழுபத்தொரு வயதுத் தாய், வேலைக்குப் போகும் மனைவி, இரண்டு வயதுக் குழந்தை. அவர் மறுத்தார், நீக்கப்பட்டார். கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. ஆனால் 1986இல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. குடும்பத்தை விட்டுப் பிரிந்து இருப்பது ஓர் ஊழியர் சாதாரணமாகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அளவிலான சிரமமே என்றது தீர்ப்பு. உங்கள் மூத்தவர் சொன்ன 'வேறு வழியில்லை' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்தத் தீர்ப்பு. அவர் பணிவினால் மட்டும் தலை வணங்கவில்லை, சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

மூன்றாவது, மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் 1967இல் ஒரு நாள் மாலை மிகைநேர வேலைக்கு இருக்க மறுத்தவரின் வழக்கு. அந்த மறுப்பையும், பிறகும் தன் தவறை அவர் ஒப்புக்கொள்ளாததையும், முன்பு பெற்ற தண்டனைகளையும் சேர்த்து நிறுவனம் அவரை நீக்கியது. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1991இல், உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை உறுதி செய்தது. இரண்டு முறை தூங்கிப்போனவருக்கு வேலை உண்டு. ஊர்விட்டுப் போக மறுத்தவருக்கும், ஒரு மாலை வீட்டுக்குப் போனவருக்கும் இல்லை. திறமைக் குறைவை மன்னிக்கிறார்கள், மறுப்பை மன்னிப்பதில்லை. நீங்கள் கேட்ட இரக்கமும் கடுமையும் இப்படித்தான் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

இதைச் சாமுராய்க் காலத்து விசுவாசத்தின் தொடர்ச்சி என்று விளக்குபவர்கள் நிறைய உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நீங்கள் இருக்கும் அதே ஐச்சியில், 1950இல், கடனில் மூழ்கிய டொயோடா நிறுவனம் 1600 பேரைக் குறைக்க முடிவெடுத்தது; தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; நிறுவனர் கீயிச்சிரோ டொயோடா பதவி விலகினார். பத்து ஆண்டுகள் கழித்து, கியூஷூவின் மீகே நிலக்கரிச் சுரங்கத்தில் 1200க்கும் மேற்பட்டவர்களை நீக்கியதை எதிர்த்துப் பல மாதங்கள் நீண்ட போராட்டம் நாட்டையே உலுக்கியது. ஆட்குறைப்பின் விலை என்ன என்பதை முதலாளிகள் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். தொழிற்சங்கங்கள் வேலைப் பாதுகாப்பைப் பெற்றுக்கொண்டு, ஆட்களை எங்கும் மாற்றும் உரிமையை விட்டுக்கொடுத்தன.

அந்த ஏற்பாட்டால் நன்மையும் விளைந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். கைஸன், அதாவது வேலைமுறையைத் தொழிலாளர்களே சிறிது சிறிதாக மேம்படுத்திக்கொண்டே போவது, என்று உலகமே பேசுகிறதே, அது ஜப்பானில் வேர்பிடித்ததற்குக் காரணம் சுவரில் ஒட்டிய வாசகங்கள் இல்லை. தன் வேலையைச் சுருக்கும் ஒரு யோசனையைத் தொழிலாளி தானே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டுமென்றால், அதனால் தன் பிழைப்பு போகாது என்ற நிச்சயம் அவருக்கு வேண்டும். இரண்டு பேர் செய்ததை ஒருவர் செய்தால் மற்றவர் வேறு பிரிவுக்குப் போவார், வீட்டுக்குப் போக மாட்டார். இந்த நிச்சயத்தைக் கொடுக்காமல் ஆலோசனைப் பெட்டியை மட்டும் மாட்டி வைத்தால் பெட்டி காலியாகத்தான் இருக்கும்.

ஆனால் விலையை யார் கொடுத்தார்கள் என்று பார்க்கும்போதுதான் எனக்கு மனம் ஆறுவதில்லை. நான் ஒசாகாவில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த அலுவலகத்தில், உங்கள் கடிதத்தில் வருபவரைப் போல ஒருவர் இருந்தார். 'மதோகிவா-ஸொகு', சன்னலோரத்தார், என்று அவர்களுக்கு ஒரு பெயரே உண்டு. எந்த முடிவானாலும் ஒரு தாள் மேசை மேசையாகச் சுற்றிவரும். ஒவ்வொருவரும் தமக்குரிய சிறு கட்டத்தில் சிவப்பு மையில் முத்திரை குத்துவார்கள். ஒரு நாள் புதிய படிவம் வந்தது. அதில் அவருடைய கட்டம் இல்லை. தாள் அவர் மேசையைத் தாண்டிப் போனது. அவர் முத்திரையைப் பெட்டியிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, மறுபடி பெட்டிக்குள் வைத்தார். முழுச் சம்பளம் வாங்கும் அந்த மனிதரை நிறுவனம் காப்பாற்றியதாக என்னால் சொல்ல முடியவில்லை.

பெண்கள் கொடுத்த விலை இன்னும் பெரியது. சம வேலைவாய்ப்புச் சட்டம் 1986இல் நடைமுறைக்கு வந்தபோது, பல நிறுவனங்கள் ஊழியர்களை இரண்டு தடங்களாகப் பிரித்தன: எங்கு அனுப்பினாலும் போகச் சம்மதிப்பவர்களுக்குப் பதவி உயர்வுள்ள தடம், மற்றவர்களுக்கு உயர்வற்ற தடம். குழந்தையை வளர்க்கும் பொறுப்பு யார் தலையில் இருந்ததோ அவர்கள் எந்தத் தடத்துக்குப் போயிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மிகைநேர வேலைக்கு மீற முடியாத உச்சவரம்பு 2019இல்தான் வந்தது. அதற்குள் 'கரோஷி', வேலை மிகுதியால் வரும் சாவு, உலக அகராதிகளில் ஏறிவிட்டது. உங்களைப் போன்ற ஒப்பந்தப் பணியாளர்கள், பகுதிநேரத்தார், முகமை வழியாக வருபவர்கள் எல்லாரும் இன்று ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 2008 உலக நிதி நெருக்கடியில் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள்தான். அந்த ஆண்டின் கடைசி நாளில் டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் அவர்களுக்காகக் கூடாரங்கள் போட வேண்டியிருந்தது.

இப்போது நிலைமை மாறுவதற்கு ஆள் பற்றாக்குறைதான் முக்கியக் காரணம். உழைக்கும் வயதினர் தொகை 1995இல் ஏறத்தாழ எட்டே முக்கால் கோடியாக உச்சம் தொட்டு, அதற்குப் பிறகு ஒரு கோடிக்கும் மேல் குறைந்துவிட்டது. பட்டம் பெற்றுச் சேரும் இளைஞர்களில் பத்தில் மூவர் மூன்றாண்டுக்குள் விலகிவிடுகிறார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'நிரந்தரம்' என்று சொன்னால் எது என்று கேளுங்கள். ஒப்பந்தக் காலம் மொத்தமாக ஐந்து ஆண்டைக் கடந்தால், காலவரையற்ற ஒப்பந்தம் கேட்கும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி உண்டு. அதில் சம்பளமும் பிற நிபந்தனைகளும் பொதுவாகப் பழையபடியே இருக்கும். அது சேய்ஷாயின் ஆவதற்குச் சமமாகாது. சேய்ஷாயின் ஆக்குவதாகச் சொன்னால், ஊர் வரையறுக்கப்பட்ட வகை அவர்களிடம் உண்டா என்று கேளுங்கள். 2024 ஏப்ரல் முதல், பணியிடமும் வேலையும் எந்த எல்லைவரை மாறக்கூடும் என்பதை நிறுவனம் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம், குறிப்பிட்ட தொழில்நுட்ப வேலைக்கு மட்டும் என்று உடன்பாடு இருந்த ஒருவரை அவர் சம்மதமின்றி வேறு வேலைக்கு மாற்ற நிறுவனத்துக்கு அதிகாரமே கிடையாது என்று சொல்லிவிட்டது. 1986 தீர்ப்பில் தோற்ற விற்பனை ஊழியருக்குக் கிடைக்காத பிடிமானம் அது.

ஆகவே தாளை வாங்கி, மாற்றத்தின் எல்லை என்ற வரியை மனைவியுடன் உட்கார்ந்து படியுங்கள். 'நிறுவனம் தீர்மானிக்கும் எந்தப் பணியிடமும்' என்று அங்கே எழுதியிருந்தால், கியூஷூவும் அதற்குள் அடங்கும். ஐச்சிக்குள் என்று எழுதித் தரச் சம்பளம் சற்றுக் குறையும் என்பார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிப்பேன். கையெழுத்திட்ட பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.