போகிமான் சில்வர் கேசட்: பேட்டரியை மாற்றினால் பழைய சேவ் போய்விடுமா?

கேள்வி: 2001-ல் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த போகிமான் சில்வர் கேசட் என்னிடம் இருக்கிறது. கேம் பாய் கலர் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் இன்றும் ஓடுகிறது. பள்ளி நாள்களில் விளையாடிப் பதிந்து வைத்த சேவும் திறக்கிறது. ஆனால் சில வாரங்களாக விளையாட்டுக்குள் மணி தப்பாகக் காட்டுகிறது. உள்ளே இருக்கும் பேட்டரி போகப் போகிறது என்கிறார்கள். இங்கே ஒரு கடைக்காரர், "சேவ் போகாம மாத்தித் தர்றேன், 2,500 ரூபாய்" என்கிறார். கொடுக்கலாமா? – வாசகர், திருப்பூர்.

பதில்: பேட்டரியைக் கழற்றினால் சேவ் போய்விடும். அதனால் அதைக் கழற்றுவதற்கு முன்பே சேவ் பதிவைக் கணினியில் எடுத்து வைத்துவிடுங்கள். எடுத்துவிட்டால் பேட்டரி மாற்றுவது அரைமணி நேர வேலை. எடுக்காமல் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை யார் கையில் எடுத்தாலும், கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உங்கள் சேவ் இருப்பது 32 கிலோபைட் அளவுள்ள ஒரு நினைவகச் சில்லில். மின்சாரம் இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம். கேம் பாய் ஓடும்போது மின்சாரம் கேம் பாயிலிருந்தே வருகிறது. அணைத்ததும் உள்ளே இருக்கும் பட்டன் செல் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. பேட்டரி செத்த கேசட்டிலும் 'சேவ் ஆகிவிட்டது' என்று திரையில் வருவது இதனால்தான். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் ஒன்றும் இருக்காது. கோல்ட், சில்வர் கேசட்டுகளில் இதே செல் ஒரு கடிகாரத்தையும் இரவு பகலாக ஓட்டுகிறது. அந்தக் கடிகாரமே தடுமாறுகிறது என்றால் அதிக நாள் மிச்சமில்லை. இன்றைக்குத் திறக்கும் சேவ் அடுத்த வாரம் திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சேவ் பதிவை எடுக்க, கேம் பாய் கேசட்டைச் செருகி யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைக்கும் ஒரு சின்னக் கருவி வேண்டும். ஜிபிஎக்ஸ்கார்ட் என்பது பலரும் பயன்படுத்துவது. அதோடு ஃப்ளாஷ்ஜிபிஎக்ஸ் என்ற இலவச மென்பொருள். கருவியை வாங்க மனமில்லை என்றால், பழைய கேம் சேகரிக்கும் யாரிடமாவது அரைமணி நேரம் கடன் கேளுங்கள். செருகுவதற்கு முன் கேசட்டின் தங்க நிறத் தொடுமுனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும்வரை. வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம்தான் அந்த முனைகளைக் கறுக்க வைக்கிறது. ஊதினால் சரியாவதுபோலத் தெரிவது, கழற்றித் திரும்பச் செருகியதால் வந்த பலன்.

சேவ் பதிவை இரண்டு முறை தனித்தனியாகப் படித்து, இரண்டு கோப்பும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடிகாரத் தகவல் மட்டும் சில விநாடி வேறுபடலாம், அது பரவாயில்லை. கோப்பு குறைந்தது 32,768 பைட் இருக்க வேண்டும். கடிகாரத்தோடு சேர்த்து எடுத்தால் கொஞ்சம் கூடும். அளவு சரியாக இருப்பது மட்டும் போதாது. தொடுமுனை சரியாகப் படாவிட்டால் அதே அளவில் வெறும் குப்பை வரும். அதே கேசட்டிலிருந்து விளையாட்டையும் ஒரு நகல் எடுத்து, எம்ஜிபிஏ போன்ற எமுலேட்டரில் (கேம் பாய் ஆட்டத்தைக் கணினியிலேயே ஓட்டும் மென்பொருள்) சேவோடு சேர்த்துத் திறந்து, உங்கள் பெயரும் உங்கள் போகிமான்களும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்தபிறகே அடுத்த வேலை.

இப்போது அந்தக் கடைக்காரர் விஷயம். 'சேவ் போகாமல்' என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றே: கேசட்டின் ஓட்டைக் கழற்றி, பலகையை மட்டும் கேம் பாயில் செருகி, அதை ஓட விட்டபடியே பழைய செல்லை எடுத்துப் புதியதை ஒட்டுவது. கொள்கை அளவில் சரிதான், கேம் பாய் மின்சாரம் தருவதால் சில்லின் ஞாபகம் நிற்கும். ஆனால் எர்த் இல்லாத இரண்டு முள் சூட்டுக்கோலிலிருந்து கசியும் மின்சாரம், கை நழுவிப் பக்கத்துச் சில்லின் உலோகக் காலில் படும் ஈயம், பலகை அரை மில்லிமீட்டர் அசைவது – இதில் ஒன்று நடந்தாலும் சேவ் போச்சு. சில நேரம் சில்லும் போச்சு. 'ஏற்கெனவே போயிருந்தது' என்று அவர் சொன்னால் உங்களால் மறுக்கவும் முடியாது. கோப்பாக எடுத்துவைக்க வழி இருக்கும்போது இந்தச் சூதாட்டம் எதற்கு?

இவர்களில் பாதிப்பேர் இன்னொன்றும் செய்கிறார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண செல்லை நேராக வைத்து, அதன் முதுகிலேயே ஈயத்தை உருக்குகிறார்கள். லித்தியம் செல்லை அப்படிச் சுடக்கூடாது. உள்ளே சூடேறினால் வீங்கும், ஒழுகும், வெடிக்கவும் செய்யும். வெடிக்காவிட்டாலும் ஆயுள் குறையும். இன்சுலேஷன் டேப்பால் செல்லை அமுக்கி ஒட்டும் கூட்டமும் உண்டு. நம்மூர் வெயிலில் அந்தப் பசை எத்தனை நாள் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு முறை கேசட் கீழே விழுந்தால் தொடர்பு அறுந்துவிடும்.

நீங்கள் வாங்க வேண்டியது சி.ஆர். 2025, தகடு பற்றவைத்தது. 3 வோல்ட், 20 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன். இரண்டு பக்கமும் மெல்லிய உலோகத் தகடு தொழிற்சாலையிலேயே பற்றவைத்து வரும். ஈயம் அந்தத் தகட்டில்தான் படவேண்டும், செல்லில் அல்ல. சி.ஆர். 2032 'அதிக நாள் வரும்' என்று தலையில் கட்டுவார்கள். அதன் தடிமன் 3.2 மி.மீ.; ஓடு சரியாக மூடாமல் புடைக்கலாம். எல்.ஐ.ஆர். என்று தொடங்கும் ரீசார்ஜ் செல்லை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். அதன் வோல்டேஜும் வேறு, கேசட்டுக்குள் அதைச் சார்ஜ் செய்ய எந்த ஏற்பாடும் இல்லை.

ஓட்டைத் திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். பேனா முனையை உருக்கி அழுத்தித் திறப்பது, கத்தியால் நெம்புவது எல்லாம் வீடியோவில் நன்றாக இருக்கும். மாற்றியே ஆகவேண்டிய ஒரு பொருளை நிண்டெண்டோ நிறுவனத்தார் ஈயத்தால் ஒட்டி, அதைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு அசையாத திருகு போட்டு மூடினார்கள். குழந்தை கையில் கொடுக்கும் கடிகாரத்தில்கூட செல் மாற்ற ஒரு மூடி வைக்கிறான்! போகட்டும், அவர்களின் பிந்தைய கையடக்கக் கருவியான நிண்டெண்டோ 3டிஎஸ்-இல் இதே விளையாட்டைக் காசு கொடுத்துத் தரவிறக்க வழி இருந்தது. அந்தக் கடையையும் 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள். மிச்சமிருப்பது உங்கள் கையில் உள்ள பிளாஸ்டிக் துண்டுதான்.

திறந்தபின் பலகையில் கூட்டல், கழித்தல் குறி அச்சிட்டிருக்கும். பழைய செல் எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சூட்டுக்கோல் 330 முதல் 350 டிகிரி. பழைய ஈயம் எளிதில் உருகாது. ஈயம் இளக உதவும் ஃபிளக்ஸ் தடவி, அதன்மேல் புது ஈயம் கொஞ்சம் விட்டால் இரண்டு மூன்று விநாடியில் இளகும். இளகியபிறகே தகட்டை இடுக்கியால் தூக்குங்கள். இளகுமுன் நெம்பினால் பலகையில் ஒட்டியிருக்கும் செம்புத் திட்டு தகட்டோடு வந்துவிடும். இந்த வேலையில் அதிகம் கெடுவது இதுதான். பிறகு மெல்லிய கம்பி இழுத்து ஒட்டவேண்டிவரும். ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னலால் திட்டைச் சுத்தம் செய்து, புது செல்லின் தகடுகளை ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். மல்டிமீட்டரில் பார்த்தால் 3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டவேண்டும்.

பழைய சேவ் பதிவை உடனே ஏற்றாதீர்கள். புது ஆட்டம் ஒன்று தொடங்கி, சேவ் செய்து, அணைத்து, கேசட்டை வெளியே எடுத்து ஓர் இரவு வையுங்கள். காலையில் சேவ் இருந்தால் கணினியிலிருந்து பழையதை ஏற்றலாம். மணியை விளையாட்டே திருத்தச் சொல்லும். சொல்லாவிட்டால் தலைப்புத் திரையில் கீழ் அம்பு, செலக்ட், பி மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். ஐந்து இலக்கக் கடவுச்சொல் கேட்கும். உங்கள் பாத்திரத்தின் பெயர், அடையாள எண், கையிருப்புப் பணம் மூன்றையும் கொடுத்தால் அதைக் கணக்கிட்டுத் தரும் பக்கங்கள் இணையத்தில் உண்டு.

போகிமான் வரிசையில் பிறகு வந்த ரூபி, சஃபையர், எமரால்டு கேசட்டுகளை வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன பயம் எதுவும் கிடையாது. அவர்கள்தான் அதிகம் ஏமாற்றப்படுகிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் கேசட்டைப் போட்டதும் உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று திரையில் வரும். பதறிப்போய்க் கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே 'சேவ் பதிவைக் காப்பாற்ற' தனிக்கட்டணம் வாங்குகிறார்கள். காப்பாற்ற அங்கே ஒன்றுமே இல்லை! அந்த மூன்றிலும் சேவ் இருப்பது ஃப்ளாஷ் நினைவகத்தில். அதற்கு மின்சாரம் தேவையில்லை. பேட்டரி ஓட்டுவது கடிகாரத்தை மட்டும். செல்லைக் கழற்றி ஒரு வருடம் சும்மா வைத்தாலும் சேவ் அப்படியே இருக்கும். ஆட்டத்துக்குள் நட்ட பெர்ரிச் செடி வளராது, குகையில் நீர் ஏறி இறங்காது, அவ்வளவுதான். அதில் செல் சி.ஆர். 1616, ஓட்டின் திருகும் மூன்று சிறகுள்ள வேறு வகை. மாற்றியபிறகும் பெர்ரி வளரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். புதுக் கடிகாரம் முதலிலிருந்து தொடங்கும், சேவில் பதிந்த பழைய தேதியை அது எட்டும்வரை விளையாட்டு காத்திருக்கும். நல்ல பேட்டரியோடேயே சுமார் ஒரு வருடத்தில் பெர்ரி நின்றுபோவது ரூபி, சஃபையர் நிரலில் உள்ள பிழை. அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை, அதற்காக யாரும் செல் மாற்றக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஃபயர்ரெட், லீஃப்கிரீன் என்ற போகிமான் கேசட்டுகளில் பேட்டரியே கிடையாது. உள்ளே பேட்டரியோடு ஒன்று விற்பனைக்கு வந்தால் அது போலி.

போலி பற்றி உங்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் வாங்கியது என்பதாலேயே அசல் ஆகிவிடாது. கேசட்டின் அடிவாயில் எட்டிப் பாருங்கள். தொடுமுனைகளுக்கு மேல் பலகையில் நிண்டெண்டோ என்ற எழுத்து தெரியவேண்டும். முகப்பு ஸ்டிக்கரைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு இலக்க எண் அழுத்திப் பதிந்திருக்கும். பல போலிப் பலகைகளில் சில்லுகளுக்குப் பதில் கறுப்புப் பிசின் கட்டி இருக்கும். போலிக் கேசட்டுக்கு, மேலே சொன்ன செல் அளவும் பொருந்தாமல் போகலாம், கருவியும் சில நேரம் படிக்காது.

நீங்களே ஈயம் வைக்கத் தயக்கம் என்றால் கடையில் கொடுங்கள், தவறில்லை. ஆனால் சேவ் கோப்பு உங்கள் பென் டிரைவில் வந்தபிறகு கொடுங்கள். தகடு வைத்த செல்லையும் நீங்களே வாங்கிக் கொண்டுபோனால், மிஞ்சுவது இரண்டு இடத்தில் ஈயம் வைக்கும் வேலைதான். அதற்கு 2,500 கேட்பவரிடம் பேரம்கூடப் பேச வேண்டாம், அடுத்த கடைக்குப் போங்கள்.