பரிகார வகுப்பிலிருந்து மகனை எடுத்துவிடலாமா?

கேள்வி: மூன்றாம் தரத்தில் படிக்கும் என் மகனுக்கு வாசிப்பு வரவில்லை என்று, பாடசாலை விட்டபின் ரீச்சர் பரிகார வகுப்பில் வைத்திருக்கிறார். "மொக்கு வகுப்பு" என்று மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணுகிறார்களாம். அழுகிறான். நிறுத்திவிட்டு இப்போதே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான ரியூஷனில் சேர்க்கலாமா?
- ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள், சகோதரி. புலமைப்பரிசில் ரியூஷன் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கானது. கேள்வியை வாசிக்க முடியாதவன் அங்கே போய் விடையைக் குருட்டு மதிப்பில் கீறத்தான் பழகுவான். வசனமாக வரும் கணக்கும் அவனுக்குப் பிழைக்கும். கணக்கும் வராது என்று அப்புறம் சொல்வோம்.

மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய 3ஆம், 4ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பதினைந்து, இருபது பேராகப் பிரித்து, தினமும் இரண்டு மணிநேரம் அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். கற்பித்தவர்கள் அந்தந்த ஊர் இளம்பெண்கள்தான். 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் அதை ஆராய்ந்தார்கள். புள்ளிகள் தெளிவாகக் கூடியிருந்தன, அதிலும் மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கே பலன் அதிகம். ஆனால் திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்திருந்தது. அதனால் கொஞ்சம் தேறியதும் விட்டுவிடக் கூடாது.

எல்லாப் பரிகார வகுப்பும் பலன் தராது என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் நடத்திய பாடத்தையே பின்னேரம் திரும்பச் சொன்னால், காலையில் விளங்காதது அப்போதும் விளங்காது. ரீச்சரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: அவன் எங்கே நிற்கிறான்? எழுத்திலா, கொம்பும் காலும் சேரும் இடத்திலா, சொல்லைக் கூட்டி வாசிப்பதிலா? அங்கிருந்து தொடங்குகிறார்களா? எப்போது திரும்பச் சோதிப்பார்கள்?

பகிடியை வகுப்பிலேயே நிறுத்த வேண்டியது ரீச்சரின் பொறுப்பு. அதையும் தயங்காமல் சொல்லுங்கள். வீட்டில் சொந்தக்காரருக்கு முன்னால் இந்தக் கதையை எடுக்காதீர்கள். இரவில் கால் மணிநேரம் பக்கத்தில் இருந்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிழைவிட்டால் உடனே திருத்தாமல், அந்த வரி முடியும்வரை பொறுங்கள்.

இன்னொன்று, கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாததால் பின்தங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பொரளை சிறுவர் வைத்தியசாலை உங்களுக்கு அவ்வளவு தூரமில்லை.