மார்கரினும் கூலியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்வீடனின் சமூக ஜனநாயகக் கட்சி நிதியமைச்சர் எர்ன்ஸ்ட் விக்ஃபோர்ஸ் பற்றி நண்பர்களுடன் பேச்சு வந்தது. பொருளியலாளர் கெயின்ஸுக்கு முன்பே கெயின்ஸியத்தை, அதாவது மந்தகாலத்தில் அரசே கடன் வாங்கிச் செலவிட்டு வேலை தருவதை, செய்துகாட்டி, 1930களின் மந்தத்திலிருந்து நாட்டை மீட்டவர் என்கிறார்கள். உண்மையா? அவர் மார்க்ஸியரா, சீர்திருத்தவாதியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக நான் யோசித்துக்கொண்டிருந்த மனிதரையே கேட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. இரண்டாவது கேள்வியை விட்டுவிடுகிறேன். முத்திரை தேடும் வேலை வேண்டாம்.

கெயின்ஸின் பெரிய நூல் வந்தது 1936-ல், விக்ஃபோர்ஸின் பட்ஜெட் 1933-ல். பிரிட்டிஷ் லிபரல்களின் பொதுப்பணித் திட்டத்தை அவர் படித்திருந்தார் என்பதும் உண்மைதான். ஆனால் யார் முதலில் என்பது வீண் விசாரணை. அந்தப் பொதுப்பணிகளுக்குக் கூலி எவ்வளவு என்று ஏன் உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை? சண்டை முழுக்க அதில்தானே நடந்தது!

1914 முதலே அங்கே வேலையின்மை ஆணையம் இருந்தது. வேலையில்லாதவரை ரோடு போட அனுப்பும். கூலியோ வெளியே கிடைக்கும் கடைநிலைக் கூலிக்கும் கீழே. போதாக்குறைக்கு, வேலைநிறுத்தம் நடக்கும் இடத்துக்கே ஆளைப் போகச் சொல்லலாம். மறுத்தால் உதவி நின்றுவிடும். ஒரு தொழிலாளியின் பசியை வைத்து இன்னொருவரின் போராட்டத்தை உடைக்கும் ஏற்பாடு. 1926-ல் ஸ்ட்ரிப்பா சுரங்கத் தகராறில் இதனால்தான் பிரதமர் சான்ட்லரின் சமூக ஜனநாயக அரசு கவிழ்ந்தது. அந்த அரசில் நிதியமைச்சர் விக்ஃபோர்ஸ். இது தெரியாமல் 1933 பற்றி வாதிடாதீர்கள்.

1928 தேர்தலில் அவருடைய வாரிசுச் சொத்து வரித் தீர்மானத்தைக் காட்டி வலதுசாரிகள், கம்யூனிசம் வந்துவிடும் என்று மாஸ்கோ பூச்சாண்டி காட்டினார்கள். கட்சி 104 இடங்களிலிருந்து 90-க்கு இறங்கியது. மனிதர் அசரவில்லை. 1933-ல் பொதுப்பணிக்குக் கடன் வாங்கி, அதே வரியை உயர்த்தி நாலு வருடத்தில் அடைப்போம் என்றார்.

நாடாளுமன்றத்தில் அவர் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. மே மாதம் விவசாயிகள் கட்சியோடு உடன்பாடு. ஸ்வீடிஷில் அதன் பெயரே ‘மாட்டுப் பேரம்’. தேர்ச்சியில்லாத் தொழிலாளி வெளியே வாங்கும் கூலி பொதுப்பணிக்கும் கிடைத்தது. பதிலுக்கு வெண்ணெய் விலைக்கு ஆதரவு, வெண்ணெய்க்கு மலிவான மாற்றான மார்கரினுக்கு வரி. மார்கரின் யார் வீட்டு ரொட்டியில்? வெண்ணெய் வாங்க வழியில்லாத நகரத் தொழிலாளி வீட்டு ரொட்டியில். உணவு மலிவாக இருக்க வேண்டும் என்று பேசிவந்த கட்சி, தன் ஆட்களின் சாப்பாட்டில் வரி போட்டு அந்தக் கூலியை வாங்கியது. எனக்கு அவர் மேல் மரியாதை இந்த இடத்தில்தான். கசப்பான விலை என்று தெரிந்தே கொடுத்தார்கள்.

மீட்சி என்கிறீர்களே, 1931 செப்டம்பரில் ஸ்வீடன் நாணயமான குரோனாவின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைப்பதைக் கைவிட்டதற்கும், மரக்கூழும் இரும்பும் வெளிநாட்டில் மறுபடி விலைபோனதற்கும் அதில் பெரிய பங்கு உண்டு. பொதுப்பணிகள் சூடுபிடிக்கவே தாமதமாயிற்று. 1933 ஏப்ரலில் தொடங்கிய கட்டுமானத் தொழிலாளர் வேலைநிறுத்தம் 1934 பிப்ரவரி வரை இழுத்தது. பணம் ஒதுக்கியாயிற்று, சுவர் எழுப்ப ஆள் வரவில்லை.