25-ம் 375-ம் ஒரே சாலைதான்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் நீங்கள் போகும் சாலையின் எண் பழைய வரைபடத்தில் 25 என்றும் கைபேசியில் 375 என்றும் இருப்பதாகக் குழம்பியிருக்கிறீர்கள். நீங்கள் போகும் பகுதியில் இரண்டும் ஒன்றுதான். 1976-இல் தொடங்கிய எண் மாற்றத்தில் 25 துண்டு துண்டானது. கிறிஸ்டல் ஸ்பிரிங்ஸ் முதல் வார்ம் ஸ்பிரிங்ஸ் வரையான 98 மைல் 375 ஆனது. பனாக்காவிலிருந்து யூட்டா எல்லைக்குப் போகும் துண்டு இப்போது 319. ‘வேற்றுக்கிரக நெடுஞ்சாலை’ என்பது 375-க்கு 1996-இல் சுற்றுலாவுக்காக வைத்த பெயர். வேற்றுக்கிரகவாசிக் கதைகளுக்குப் பேர்போன ரகசிய விமானப்படைத் தளம் ஏரியா 51 பக்கத்தில் இருக்கிறதே!

சரி, எண்ணை விடுங்கள், பெட்ரோலைக் கவனியுங்கள். வழியில் ஊர் என்றால் ரேச்சல் ஒன்றுதான். அங்கே பங்க் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வார்ம் ஸ்பிரிங்ஸ் பெயருக்குத்தான் ஊர். கிறிஸ்டல் ஸ்பிரிங்ஸுக்கு முன்னால் வரும் அலமோவில் டேங்கை நிரப்பிவிடுங்கள். அங்கிருந்து, வார்ம் ஸ்பிரிங்ஸையும் தாண்டி இருக்கும் டோனோபா சுமார் 160 மைல். அப்புறம், இரவில் வேண்டாம். வேலியில்லாத மேய்ச்சல் நிலம், மாடுகள் சாலையிலேயே நிற்கும்.