பழைய விற்ஸுக்கு இரிடியம் பிளக் தேவையா?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “என்னிடம் நாலு சிலிண்டர் ரொயோட்டா விற்ஸ் ஒன்று நிற்கிறது. பள்ளிக்கூடம், சந்தை, கோயில் என்று வருடத்துக்கு 8,000 கிலோமீற்றர் ஓடினாலே பெரிய விஷயம். காலையில் ஸ்ராட் பண்ணினால் கொஞ்ச நேரம் உதறுகிறது. பிளக் நாலையும் மாற்றி இரிடியம் போட்டால் பெற்றோல் மிச்சம், இழுவையும் கூடும் என்கிறார்கள் கராஜில். விலையோ சாதாரண பிளக்கைவிடப் பல மடங்கு. போடலாமா?”

பெற்றோல் மிச்சத்தை நம்பிப் போட வேண்டாம். பிளக் என்பது எஞ்சினுக்குள் பொறி பாய்ச்சிப் பெற்றோலைப் பற்றவைக்கும் உறுப்பு; சாதாரண பிளக்கின் முனை நிக்கல், விலை கூடியதின் முனை இரிடியம் என்ற உலோகம். நல்ல நிலையில் உள்ள நிக்கல் பிளக்கைக் கழற்றிவிட்டு இரிடியம் போட்டால், உங்கள் ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற மிச்சம் எதுவும் வராது. இரிடியம் போட்டவுடன் வண்டி பறக்கிறது என்று சிலர் சொல்வது பொய்யல்ல. அதுவரை கிடந்த பிளக் தேய்ந்து போயிருந்திருக்கும். புது நிக்கல் பிளக் போட்டிருந்தாலும் அதே இழுவை கிடைத்திருக்கும்.

ஒரு பழைய பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் உள்ள நிக்கல் முனை ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் தடிப்பு. புதிதில் அதன் விளிம்பு வெட்டி எடுத்தாற்போல் கூராக இருக்கும். பொறி அந்த விளிம்பில்தான் பாயும். பாயப் பாய, தேய்ந்த சவர்க்காரம் மாதிரி அது மழுங்கி, எதிரே வளைந்து நிற்கும் முனைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி அகன்றுவிடும். அகன்ற இடைவெளியைத் தாண்ட, பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் கொயில் கூடுதல் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். அது முடியாதபோதுதான் பொறி தவறி மிஸ் அடிக்கத் தொடங்கும். இரிடியம் 2,400 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். அதனால் முனையை 0.4 முதல் 0.6 மில்லிமீற்றர் வரை மெல்லிதாக்கினாலும் தாங்கும். நீங்கள் காசு கொடுப்பது இந்த ஆயுளுக்குத்தான்.

சரி, கணக்குப் பார்ப்போம். நிக்கல் பிளக் 20,000 கிலோமீற்றர் அளவில் மாற்ற வேண்டும். நீண்ட ஆயுள் இரிடியம் 100,000 வரை போகும். அதாவது ஐந்து மடங்கு. கடையில் சொல்லும் விலை ஐந்து மடங்குக்குக் குறைவென்றால் இரிடியம் இலாபம்தான். ஆனால் வருடம் 8,000 ஓடுகிற உங்களுக்கு அந்த 100,000 முடியப் பன்னிரண்டரை வருடம் பிடிக்கும். அவ்வளவு காலம் இந்த விற்ஸை வைத்திருப்பீர்களா? இல்லையென்றால் நிக்கலே போதும், இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். வாரந்தோறும் கொழும்புக்கு ஏ9இல் ஓடுகிறவராக இருந்தால் நான் இரிடியத்தைத்தான் சொல்வேன். பிரியஸ் போல, பிளக்கைத் தொட முன்னால் வைப்பர் பகுதியையே கழற்ற வேண்டிய வண்டிக்கும் அதுதான் நல்லது; கூலி ஒருமுறையோடு போகும். 660 சிசி ஜப்பான் வண்டிகளில் எஞ்சின் அதிகம் சுற்றுவதால் எந்தப் பிளக்குக்கும் ஆயுள் பாதிதான்.

ஒன்றைக் கவனியுங்கள்: இரிடியம் என்று விற்பதெல்லாம் நீண்ட ஆயுள் பிளக் அல்ல. சிலவற்றில் நடு முனை மட்டும் இரிடியம், வளைந்து நிற்கும் எதிர் முனை வெறும் நிக்கல். அந்த நிக்கல் தேய்ந்தால் பிளக்கின் கதை முடிந்தது. எதிர் முனையிலும் பிளாட்டினப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். போலிகளும் உலாவுகின்றன. நல்ல பிளக்கின் நுனி ஊசிபோல் நேராக, எதிர் முனைக்கு நடுவில் நிற்கும். போலியில் அது தடித்தோ சரிந்தோ இருக்கும்.

பெயரைவிட இலக்கம் முக்கியம். டென்சோவில் கே16ஆர்-யூ11 என்றிருந்தால் 16 வெப்ப எண் (பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை வெளியேற்றும் என்பது), 11 என்பது 1.1 மில்லிமீற்றர் இடைவெளி. உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள இலக்கத்துக்கு இணையானதையே கேளுங்கள். தொழிற்சாலையில் இரிடியத்தோடு வந்த வண்டிக்கு நிக்கல் போட்டு மிச்சம் பிடிக்கவும் வேண்டாம்.

இனி அந்தக் காலை உதறல். காசு செலவழிக்க முன்னால் நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுனி வெளிர் மண்ணிறமாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி என்றால், கொக்குவிலில் இருந்து நல்லூருக்குப் போய்த் திரும்பும் குறுகிய ஓட்டம் காரணமாகலாம். நுனி 450 பாகையாவது சூடேறினால்தான் கரி தானாக எரியும். மாதம் இரண்டு தடவை ஆனையிறவுப் பக்கம் ஒரு நீண்ட ஓட்டம் விடுங்கள். எண்ணெய் ஈரம் கண்டால் பழுது வேறிடத்தில். எந்த விலைப் பிளக்கும் அதைத் தீர்க்காது.

தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெய்யில் கார் ஓடிய ஊர் இது. பிளக்கைக் கழற்றி வயர் பிரஷால் தேய்த்து, தட்டி இடைவெளியைச் சரிப்படுத்தும் வழக்கம் அப்போது வண்டிகளைக் காப்பாற்றியது. அந்தக் கைப்பழக்கத்தை மதிக்கிறேன். ஆனால் இரிடியத்தில் அதைச் செய்தால் மெல்லிய நுனி முறியும். அப்புறம், எஞ்சின் ஆறிய பிறகு மட்டும் கழற்றட்டும். புதியதை விரலால் கடைசிவரை திருகி, பிளக்கின் வளையம் அமர்ந்த பின் பிளக் சாவியால் அரைச் சுற்று. எஞ்சினின் அலுமினியத் தலையில் புரி போனால் பிளக் விலையெல்லாம் ஒன்றுமேயில்லை.