பாறைக் கரையில் ஸ்கூபா டைவ்: இறங்குவதை விடுங்கள், ஏறுவதைப் பாருங்கள்

இதுவரை படகிலிருந்தும் மணல் கரையிலிருந்தும்தான் டைவ் செய்திருக்கிறேன், பாறைக் கரையில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு எப்படி இறங்கி ஏறுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓபன் வாட்டர் என்ற ஆரம்பப் பயிற்சியை முடித்துப் பத்துப் பதினைந்து டைவ் போட்டிருப்பீர்கள், இறங்குவதுதான் கஷ்டம் என்று மனதில் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஏறும்போதுதான் ஆளைப் போட்டு அடிக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயிற்றுநர் இல்லை. பாறைக் கரையே வேண்டாம், படகில் போகலாமே என்று சொல்ல வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: எல்லா ஊரிலும் டைவ் படகு நிற்பதில்லை.

அம்மா பிறந்தது திருநெல்வேலி மாவட்டத்தில் இடிந்தகரைக்கும் உவரிக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர். மாமா கட்டுமரக் காலத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். ஒரு மார்ச் மாதம், கடல் அமைதியாக இருக்கும் காலம், நானும் நண்பனும் சிலிண்டர் ஏற்றிக்கொண்டு போனோம். மாமா எங்களை உடனே இறங்க விடவில்லை. அரை மணி நேரம் கரையில் உட்காரவைத்துக் கடலைப் பார்க்கச் சொன்னார். பெரிய அலை தனியாக வராது, நாலைந்து சேர்ந்து வரும், அப்புறம் கொஞ்ச நேரம் ஓயும். அந்த ஓய்வு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாறையில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறதோ அதற்கு மேலே நின்றுதான் எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ள வேண்டும். "ஏல, எங்க ஏறப்போறன்னு பாத்துட்டு அப்புறம் எறங்கு" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இறங்கியது நன்றாகவே நடந்தது. அடி கெட்டியான பூட்ஸ், கையுறை, மாஸ்க் முகத்தில், சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர் வாயில், பிசிடி என்ற மிதவைச் சட்டையில் கொஞ்சம் காற்று, காலில் மாட்டும் துடுப்பான பின் (fin) இரண்டும் கையில். சிலர் மேலேயே பின்னை மாட்டிக்கொண்டு பின்னோக்கி நடக்கச் சொல்வார்கள். மணலில் அது சரி, பாசி பிடித்த மேடுபள்ளப் பாறையில் தப்பு என்பதுதான் என் எண்ணம், திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளட்டும். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் அலை ஓய்ந்த நேரம் பார்த்து மிதந்து, பின்னை மாட்டிக்கொண்டு, நிற்காமல் வெளியே நீந்திவிட்டோம்.

நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பும்போது கடல் மாறியிருந்தது. காற்று எழும்பிவிட்டது. சிலிண்டரில் இன்னும் 70 பார் அழுத்தத்துக்குக் காற்று இருந்தது, அவசரமே இல்லை. ஆனால் கரை தெரிந்ததும் வந்துவிட்டோம் என்று மனம் தளர்ந்துவிடும் பாருங்கள், அதுதான் கெடுத்தது. மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றினேன், ரெகுலேட்டரைத் துப்பினேன், பாறை காலில் தட்டியதும் எழுந்து நின்று ஒரு பின்னைக் கழற்றினேன். ஒற்றைக் காலில் நிற்கிறேன், முதுகில் 14 கிலோவுக்கு மேல் சிலிண்டர், இடுப்பில் ஈய எடை. பின்னால் தண்ணீர் பாறையிடுக்கிலிருந்து உறிஞ்சிக்கொண்டு இறங்கும் சத்தம் கேட்டது. "உக்காருல! உக்காரு!" என்று மாமா மேலேயிருந்து கத்தினார்.

அடுத்த அலை என்னைத் தூக்கிக் கவிழ்த்தது. சிலிண்டர் பாறையில் மோதி ணங்கென்று கோயில் மணி மாதிரி கேட்டது. ஒரு பின்னும் மாஸ்க்கும் போயே போய்விட்டன. இடது முழங்காலைப் பாறையில் ஒட்டிக்கிடந்த கொட்டலசு ஓடு கிழித்தது, பிளேடு போட்டது போல மூன்று கோடு, முதலில் வெள்ளையாகத் தெரிந்து பிறகுதான் ரத்தம் வந்தது. வாயில் ரெகுலேட்டர் இல்லாததால் குடித்த உப்புத் தண்ணீருக்குக் கணக்கே இல்லை. நண்பன் தோள்வாரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அதனால் சொல்கிறேன், எழுந்து நிற்காதீர்கள். அலை தள்ளும்போது அதோடு வாருங்கள், இழுக்கும்போது பாறையை இறுகப் பிடித்துப் படுத்துக்கொள்ளுங்கள். நாலு காலில் தவழ்ந்து ஈரக் கோட்டைத் தாண்டும்வரை ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கவே கூடாது. பின்னை எங்கே கழற்றுவது என்பது இடத்தைப் பொறுத்தது, ஆனால் ஒற்றைக் காலில் நின்று கழற்றாதீர்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் வேறு இருக்கிறது. இங்கே காற்றே இருக்காது, பளீரென்று வெயிலடிக்கும், எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய அலை வந்து கரையில் ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப் போனது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடும், அதைப் பார்க்காமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். கூடங்குளம் அணுமின் நிலையப் பக்கம் போகவும் வேண்டாம்.

இதை எங்கே சொன்னாலும் "திருநெல்வேலியில் ஏதுங்க கடல்?" என்று ஒருவர் கேட்பார். அல்வா தெரியும், தாமிரபரணி தெரியும், குற்றாலம் தென்காசி மாவட்டத்துக்குப் போன பிறகும் அதையும் எங்கள் கணக்கில்தான் எழுதுவார்கள். 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது திருச்செந்தூரும் மணப்பாடும் அந்தப் பக்கம் போய்விட்டன, உண்மைதான். கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூடுதாழை எல்லாம் எந்த மாவட்டமாம்? நெல்லை டவுனில் இருக்கும் என் சொந்தக்காரர்களே கேட்கிறார்கள், எரிச்சலாக வருகிறது. இத்தனை ஊர் ஆட்கள் தினமும் இந்தக் கடலில் உயிரைப் பணயம் வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். இறங்கும் இடத்திலேயே ஏற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அன்றைக்கு நாங்கள் இருந்த இடத்திலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் தூண்டில் வளைவுக்கு (அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டிய சுவர்) உள்பக்கம் மணல் திட்டு இருந்தது. கையில் 70 பார் இருந்தது, மேலே மிதந்துகொண்டே கூடப் போய்ச் சேர்ந்திருக்கலாம். மறு வருஷம் அதே பாறையில் இறங்கினோம், அந்த மணலில் ஏறினோம். மாமா முன்னாலேயே அங்கே போய் நின்றிருந்தார்.