வாத்து அப்பாவை வெட்டிவிட்டால் குங்ஃபூ பாண்டா 2 இல் என்ன மிஞ்சும்?

கேள்வி இதுதான்: "குங்ஃபூ பாண்டா 2 கார்ட்டூன் படத்தில் போ என்ற பாண்டாவை வளர்த்த வாத்து அப்பாவின் கிளைக்கதை வெறும் சென்ட்டிமென்ட்தானே? அதை வெட்டிவிட்டு வில்லன் ஷென்னுக்கும் போவுக்குமான மோதலை மட்டும் வைத்திருந்தால் திரைக்கதை இறுகியிருக்காதா? போ மழையில் நின்றவுடனே மாறிவிடுவதும் நம்பும்படி இல்லையே?"

நீங்கள் எங்கேயோ திரைக்கதை வகுப்பில் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்தப் படத்தை வைத்துக் கட்டுரை எழுதச் சொல்லியிருப்பார்கள். என் பதில், வெட்டக்கூடாது. வெட்டினால் படம் நிற்காது. ஏன் என்று சொல்கிறேன், ஆனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுமை இல்லாதவர்கள் அடுத்த பதிலுக்குப் போகலாம், கோபிக்கமாட்டேன்.

நான் சினிமா படித்தவனில்லை. 2011 இலிருந்து 2016 வரை கிளிநொச்சியில் சின்னதாக ஒரு சீடிக் கடை வைத்திருந்தேன். படம் வாடகைக்குக் கொடுப்பது, கேட்டவர்களுக்குக் கொப்பி அடித்துக் கொடுப்பது, இடையில் ஃபோனுக்கு ரீலோட். (கள்ளக் கொப்பி விற்றவன் கலை பேச வந்துவிட்டான் என்று எழுதப் போகிறவர்களுக்கு: ஓம், விற்றேன். அந்த நாளில் எங்கள் பக்கத்தில் ஒறிஜினல் டிவிடி விற்ற கடை ஒன்றைக் காட்டுங்கள், மன்னிப்புக் கேட்கிறேன்.) பிள்ளைகள் படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கமாட்டார்கள். "அண்ணை, பாண்டா ரெண்டு இருக்கோ?" என்பார்கள். கடை டிவியில் அது ஓடிக்கொண்டேயிருக்கும். முழுதும் அரைகுறையுமாக நூறு தடவையாவது பார்த்திருப்பேன்.

சரி, கதைக்கு வருவோம். 2008 இல் வந்த முதல் படத்தை நினைத்துப் பாருங்கள். சிறையில் இருக்கும் வில்லன் தாய் லுங் தப்பிவிடுவான் என்று பயந்து, காவலை இரட்டிப்பாக்கச் சொல்லி போவின் குரு ஷிஃபு அங்கே ஒரு தூதனை அனுப்புகிறார். அந்தத் தூதனிடமிருந்து உதிர்ந்த ஓர் இறகுதான் தாய் லுங்கின் பூட்டைத் திறக்கிறது. தடுக்கப் போனதே நடத்திவைக்கிறது. 2011 இல் வந்த இரண்டாவது படம் இதே கணக்கை வில்லன் பக்கம் போடுகிறது. ஷென் என்ற மயில் இளவரசன் வாணவேடிக்கை மருந்தை ஆயுதமாக்க நினைக்கிறான். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு வீரன் வந்து உன்னைத் தோற்கடிப்பான் என்று ஆட்டுக் கிழவி குறி சொல்கிறாள். உடனே போய்ப் பாண்டாக்களை அழிக்கிறான். அழித்ததால்தான் ஒரு குட்டி நூடில்ஸ் கடைக்கு வந்து சேருகிறது. தன் எதிரியைத் தானே செய்துகொண்டவன் அவன்.

இனி, போ எப்போது அடி வாங்குகிறான் என்று கவனியுங்கள். இசைக்கலைஞர்களின் கிராமத்தில் உலோகம் திருட வந்த ஓநாய்களோடு சண்டை. எல்லாம் நன்றாகத்தான் போகிறது. ஓநாயின் கவசத்தில் ஒரு சிவப்புக் கண் மாதிரி அடையாளத்தைக் கண்டதும் ஏதோ ஞாபகம் வருகிறது, அப்படியே உறைந்து நிற்கிறான், அடி விழுகிறது. பிறகு கொங்மென் நகரத்துக் கோபுரத்தில் ஷென் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான். அவன் தோகையில் அதே அடையாளம். மறுபடியும் உறைந்துபோகிறான், ஷென் நழுவிவிடுகிறான். மூன்றாவது தொழிற்சாலையில். இந்தத் தடவை போவே கேட்கிறான், அன்றைக்கு என்ன நடந்தது என்று. உன் தாய் தகப்பனுக்கு உன்மேல் அன்பில்லை என்று ஷென் பொய் சொல்லிவிட்டு பீரங்கியால் சுடுகிறான். ஆக, இவன் பலம் குறைந்து தோற்கவில்லை. தெரியாத ஒன்று இடறுகிறது. அந்தத் தெரியாத ஒன்றைத் தொடக்கி வைப்பதே வாத்து அப்பாதான்.

வாத்து அப்பா பிங் சொல்லும் கதையில் அவருடைய நூடில்ஸ் கடைக்கு முள்ளங்கிப் பெட்டி வருகிறது, பார்த்தால் முள்ளங்கி இல்லை, ஒரு பாண்டாக் குட்டி. எடுத்து, ஊட்டி, குளிப்பாட்டி வளர்த்தார். சிரிப்பாகத்தான் சொல்கிறார், நாங்களும் சிரிக்கிறோம். ஆனால் அந்தக் கதை பெட்டி வந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. உள்ளே வைத்தது யார் என்று அதில் இல்லை. போவுக்கு அதற்குப் பிறகு நித்திரை இல்லாமல் போவது அதனால்தான். பாதிப் படம் தாண்டி, இடிந்துபோன பாண்டாக் கிராமத்தில், அதே பெட்டி திரும்ப வரும்போதுதான் மீதிப் பாதி தெரிகிறது. தகப்பன் ஓநாய்களை மறித்து நிற்க, தாய் பிள்ளையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, எதிர்ப்பக்கமாக ஓடி அவர்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறாள். நீங்கள் முதல் பாதியை வெட்டிவிட்டால் இரண்டாவது பாதி வெறும் சோகக் காட்சி. பத்துப் படத்தில் இருக்கும் அது.

போவுக்கு வரும் கெட்ட கனவும் நினைவுத் துண்டுகளும் கையால் வரைந்த மாதிரி வேறு விதமாக இருக்கும். இயக்கிய ஜெனிஃபர் யூ நெல்சன்தான் முதல் படத்தின் தொடக்கத்தில் வரும் அந்தக் கனவுக் காட்சியையும் இயக்கியவர். பெரிய ஹொலிவுட் ஸ்டூடியோவின் அனிமேஷன் படமொன்றைத் தனியாளாக இயக்கிய முதல் பெண் அவர்தான். முதல் படத்தில் கையால் வரைந்தது போவின் வீராப்புக் கனவு. இரண்டாவதில் அதே முறையில் வருவது கெட்ட கனவு. வேண்டுமானால் உங்கள் கட்டுரையில் போடுங்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படிப் பிடிபட்டது? நான்தான் பிங்.

என் அக்காவின் மகனை நான் வளர்க்கிறேன். 2009 தொடக்கத்தில், கடைசிப் போர் நடந்த நேரம், அவனுக்கு ஒன்றேகால் வயது. தருமபுரத்தில் இருந்து வெளிக்கிட்டு, விசுவமடு, இரணைப்பாலை என்று நகர்ந்து நகர்ந்து மாத்தளன் கரைக்கு வந்தோம். கடற்கரை மணல். பங்கர் வெட்டினால் நாலடியில் தண்ணீர் ஊறும். பெரியவர்கள் காலை நனைத்துக்கொண்டு இருந்துவிடலாம், பிள்ளையை எங்கே வைப்பது? அக்கா எங்கேயோ போய் ஒரு ரெஜிபோம் பெட்டி எடுத்து வந்தா. மீனுக்கு ஐஸ் போட்டு அடுக்குவார்களே, அந்த வெள்ளைப் பெட்டி. ஒரு மூலை உடைந்திருந்தது. தன் சேலையை நாலாக மடித்து உள்ளே விரித்து அவனை இருத்தினா. தண்ணீர் ஏறினால் பெட்டி மெல்ல மிதக்கும், அவன் சிரிப்பான். மூன்றாம் நாள் கஞ்சிக்குப் போன அக்கா திரும்பி வரவில்லை. செல்லடி. அதற்கு மேல் எழுதுவதில்லை.

பெட்டியை அவனோடு சேர்த்துச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டுதான் கடைசி வரை திரிந்தோம். வட்டுவாகல் பாலத்தடியில் சைக்கிளையும் பெட்டியையும் விட்டுவிட்டு, பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தோம். அத்தானைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கண்டோம். அந்தப் பக்கம் காணவில்லை.

அவனுக்கு விபரம் தெரிய வந்ததும் நான் சொன்ன கதை, "நீ மீன் பெட்டிக்குள்ள வந்தனி. நாலு நாள் குளிப்பாட்டியும் மீன் வாசம் போகேல்லை" என்பதுதான். விழுந்து விழுந்து சிரிப்பான். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லுவான். எனக்கும் அது வசதியாக இருந்தது.

2013 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டா ரெண்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆங்கிலக் கொப்பி. நான் பக்கத்தில் இருந்து தமிழில் கதை சொல்லிக்கொண்டு வந்தேன். (தமிழில் பேசும் கார்ட்டூனே இல்லையா என்று கேட்பீர்கள். டிவியில் இருக்கிறது, எல்லாம் சென்னைத் தமிழ். அதைப் பார்த்துப் பார்த்து எங்கள் பிள்ளைகள் "அம்மம்மா, செம பசி, சீக்கிரம் சாப்பாடு போடுங்க" என்கிறார்கள். என் அம்மா ஒருநாள் கரண்டியோடு நின்று, இந்தப் பிள்ளை யாரோடு கதைக்குது என்று திரும்பிப் பார்த்தா. சென்னைத் தமிழில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ரஜினி படம் விற்றுத்தான் கடை வாடகை கட்டினேன். ஆனால் எங்கள் பிள்ளைக்கு எங்கள் பேச்சில் ஒரு கார்ட்டூன் எடுத்துக் கொடுக்க ஆளில்லை என்பது எனக்கு இன்றைக்கும் எரிச்சல். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.)

முள்ளங்கிப் பெட்டி வந்தது. சிரிக்கப்போகிறான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"மாமா, அந்தப் பெட்டிக்குள்ள ஆர் வச்சது?"

"பேசாமல் படத்தைப் பார். வரும்" என்றேன். ஐந்தரை வயதுப் பிள்ளை. நூறு தடவை பார்த்த எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை. தொழிற்சாலையில் ஷென் பொய் சொல்லும் இடத்தில் நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். "என்னவாம் மாமா?" என்றான். "சும்மா வெருட்டுறான்" என்றேன். தாய் பெட்டிக்குள் வைக்கும் காட்சிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், எங்கள் பெட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் 2009 ஐ இழுத்து வருகிறான், ஒரு பாண்டாப் படத்தையும் விடமாட்டானா என்று நினைப்பீர்கள். நான் இழுக்கவில்லை, பிள்ளை கேட்டான். மற்றது, எங்கள் பக்கம் குறும்படம் பழக்க வந்த ஒருவர் பலகையில் மூன்று கோடு போட்டுவிட்டு, ஆளுக்கொரு போர்க்கதை எழுதச் சொன்னார். பட்டம் விடுகிற கதை எழுதிய பிள்ளைக்கு "இதில் உன் வலி எங்கே?" என்று கேட்டார். அந்த ஆட்கள் மேலும் எனக்குக் கோபம்தான். அதனால் என்னை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மழைக் காட்சிக்கு வருகிறேன். போ மழையில் நின்றதால் மாறவில்லை. ஷிஃபு தொடக்கத்திலேயே நீர்த்துளியை உடையாமல் கையில் ஏந்திக் காட்டுகிறார், போ அதைச் சரியாகக் கவனிப்பதுகூட இல்லை. மூன்று தடவை அடி வாங்கி, ஆற்றில் விழுந்து, கிழவி காப்பாற்றி, பெட்டியின் மீதிக் கதையும் தெரிந்த பிறகுதான் அந்தத் துளி கையில் நிற்கிறது. துறைமுகத்தில் பீரங்கிக் குண்டைப் பிடித்துத் திருப்பி எறிவதும் அதே கை அசைவுதான். எல்லாம் முதலிலேயே வைத்துவிட்டார்கள், நீங்கள் உடனே வந்தது என்கிறீர்கள். அதற்குப் பிறகு ஷென், உன்னிடமிருந்து எல்லாவற்றையும் பறித்தேனே, எப்படி அமைதியானாய் என்று கேட்பான். தழும்பு ஆறிவிடும் என்று போ சொல்ல, காயம்தான் ஆறும், தழும்பு ஆறாது என்று வில்லன் திருத்துவான். அப்ப தழும்பு என்ன செய்யும், மங்குமோ என்று போ யோசிப்பான். என் கடையில் பார்க்கிற பெரிய ஆட்கள் சிரிக்கிற இடம் அது.

எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவு ஒழுங்காக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2015 இல் அவனை மாத்தளனுக்குக் கூட்டிக்கொண்டு போய் மீதிப் பாதியைச் சொன்னேன். மழை இல்லை. கொதி வெயில். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தச் சேலை என்ன நிறம்?" என்றான். எனக்கு ஞாபகமில்லை. பிறகு சிப்பி பொறுக்கப் போய்விட்டான். வரும் வழியில் புதுக்குடியிருப்பில் ஐஸ்கிறீம் கேட்டான், வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு ஏதாவது மாறியதா என்றால், மீன் பெட்டிக் கதையை அதற்குப் பிறகு அவன் யாருக்கும் சொல்லச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

எனக்கு இந்தப் படத்தில் பிடிக்காதது ஒன்று இருக்கிறது. அதைத்தான் வெட்டச் சொல்வேன். போ திரும்பி வந்து பிங்கிடம், நான் யாரென்று கண்டுபிடித்துவிட்டேன், நான் உங்கள் மகன் என்கிறான். கதை அங்கே முடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு எங்கேயோ மலைக்குள் ஒரு பாண்டாக் கிராமத்தைக் காட்டி, பெற்ற தகப்பன் உயிரோடு இருப்பதைக் காட்டுகிறார்கள். அடுத்த படத்துக்கு வால். சில விநாடிதான். அன்றைக்கு அந்தக் காட்சி வந்ததும் இவன் பாயிலிருந்து துள்ளி எழும்பினான்.

"மாமா, அப்பா இருக்கிறார்!"

பாண்டாவின் அப்பாவைச் சொன்னானா, தன் அப்பாவைச் சொன்னானா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அம்மா குசினியிலிருந்து வெளியே வந்து ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனா. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் இருக்கத் தொடங்கிய பிறகு, அம்மா அத்தானின் படத்தைக் கொண்டுபோய் அங்கே இருப்பா. இவனும் விடுமுறை நாட்களில் அம்மம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போவான். இது திரைக்கதை விமர்சனமில்லை என்று எனக்கே தெரியும். நீங்கள் அந்தக் காட்சியை நல்ல கொக்கி என்று எழுதினாலும் எழுதுங்கள்.

மூன்றாவது படம் 2016 இல் வந்தது. அதில் அந்தத் தகப்பன் வருகிறார். கடை மூடுகிற நேரம், கேட்டவர்களுக்குக் கொப்பி அடித்துக் கொடுத்தேன், வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. பல வருடம் கழித்து, போன வருடம்தான், இரவு சாப்பிடும்போது அவனே கேட்டான்.

"மாமா, பாண்டா மூண்டு பார்த்தனீங்களோ?"

"இல்லை" என்று பொய் சொன்னேன்.

"பெத்த அப்பாவோட போ வெளிக்கிட, வாத்து அவன்ர பொதிக்குள்ள ஒளிச்சிருந்து கூடப் போகுது" என்றுவிட்டு, என் கோப்பையில் இன்னொரு பொரியல் துண்டை வைத்தான்.